தோட்டா வாங்குவது, வைப்பது, கணக்குக் காட்டுவது: கடலூர், புதுச்சேரி உரிமதாரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளிலும், கடலூர், புதுச்சேரி பழைய வீடுகளிலும் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்னும் கணிசமாக இருக்கிறார்கள். உரிமம் புதுப்பிக்க விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள், எழுதி முடித்ததும் எழுந்து போவதில்லை. தோட்டாவைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். வருடக்கணக்காகக் கேள்விகள் மாறவில்லை. துப்பாக்கியைத் துணி சுற்றிப் பூட்டி வைக்கிறவர்கள்கூடத் தோட்டாவை மேசை இழுப்பறையில் போட்டு வைக்கிறார்கள். ஆபத்து அந்த இழுப்பறையில்தான் இருக்கிறது. அதனால்தான் இதைத் தொகுத்தேன். அவர்கள் கேட்ட வார்த்தைகளை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.

லைசென்ஸ் கையில இருந்தா எத்தனை தோட்டா வேணும்னாலும் வாங்கிக்கலாமா?

முடியாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். இரண்டும் ஒரே உரிமத்தில்தான் வரும். அதில் தோட்டாவுக்கென்று இரண்டு எண்கள் இருக்கும்: ஒரே நேரத்தில் கையிருப்பில் எத்தனை வைத்திருக்கலாம், ஒரு வருடத்தில் மொத்தம் எத்தனை வாங்கலாம். பலர் இரண்டாவது எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். வருடக் கணக்கு மிச்சம் இருந்தாலும், வீட்டிலிருக்கும் பழைய பெட்டியோடு சேர்த்துக் கையிருப்பு வரம்பைத் தாண்டினால் அது உரிம நிபந்தனையை மீறியதாகும்.

எந்த போர், அதாவது குழல் துளையின் அளவு என்ன என்றும் அதில் எழுதியிருக்கும். 12 போர் உரிமத்தை வைத்துக்கொண்டு பாயிண்ட் 32 ரிவால்வர் தோட்டா ஒன்றுகூட வாங்கக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. பாயிண்ட் 303, 9 மி.மீ. போன்றவை தடை செய்யப்பட்ட வகை. பழைய வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடைத்தால் என்ன செய்வது என்பதைக் கீழே, பழைய தோட்டாவை ஒப்படைக்கும் கேள்வியில் பாருங்கள்.

எங்க வாங்கணும்? கடைக்காரர் என்னென்ன கேட்பார்?

உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் மட்டும். நம் பக்கத்துக்காரர்கள் பெரும்பாலும் சென்னைக்குத்தான் போகிறார்கள். அசல் உரிமத்தைக் கொண்டு போக வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. உரிமத்தில் யு.ஐ.என். எனப்படும் தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். தேசியத் தரவுத்தளத்தில் பதிவாகி அந்த எண் வராத உரிமம் செல்லாது.

கடைக்காரர் தேதி, வகை, எண்ணிக்கை எல்லாவற்றையும் உங்கள் உரிமத்திலும் தன் பதிவேட்டிலும் எழுதுவார். அவர் எழுதும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் 25 என்பதை 20 என்று எழுதிவிட்டால், அந்த ஐந்து தோட்டாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ரசீதை உரிமத்தோடு சேர்த்தே வையுங்கள்.

12 போர்னா எல்லா 12 போர் தோட்டாவும் போடலாம்தானே? பெட்டியில எல்.ஜி., 4, 6-னு என்னென்னமோ போட்டிருக்கே?

எல்.ஜி., எஸ்.ஜி., 4, 6 என்பவை உள்ளே இருக்கும் ரவையின், அதாவது சின்னச் சின்ன குண்டுகளின் பருமனைச் சொல்பவை. எண் ஏற ஏற ரவை பொடியாகும். 8-ஆம் எண் ரவை 4-ஐவிடச் சிறியது. எல்.ஜி.யும் எஸ்.ஜி.யும் பெரிய குண்டுகள், ஒரு தோட்டாவில் சிலதான் இருக்கும். அவை தூரம் போகும், ஆளைக் கொல்லும். வீட்டில் ஏதோ இருக்கட்டும் என்று அவற்றை வாங்கி வைப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

போர் எண்ணைவிட முக்கியமானது தோட்டாவின் நீளம். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலம். இப்போது பரவலாகக் கிடைப்பது 70 மி.மீ. தோட்டா. இங்கே ஒரு பொறி இருக்கிறது: 70 மி.மீ. என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடுவதற்கு முன் வாய் மடிந்திருப்பதால் அது 65 மி.மீ. அறைக்குள் சிக்கலில்லாமல் நுழைந்துவிடும், துப்பாக்கியும் பூட்டிக்கொள்ளும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். ‘உள்ளே போகிறதே’ என்பது பொருந்துகிறது என்பதற்குச் சாட்சியாகாது. குழலின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். புரியாவிட்டால் விற்பனையாளரிடம் துப்பாக்கியையே காட்டுங்கள்.

வீட்டில் 12, 20 இரண்டு போரும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் சிக்கி நிற்கும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். ‘போடவில்லை போல’ என்று 12 போர் தோட்டா ஒன்றைப் போட்டுச் சுட்டால், இடது கை பிடித்திருக்கும் இடத்தில் குழல் வெடிக்கும். இதற்காகத்தான் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் என்று உலகம் முழுக்க ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே பையில், ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

தாத்தா காலத்து டபுள் பேரல் சார். நல்லாத்தான் இருக்கு. புதுத் தோட்டா போட்டுச் சுடலாமா?

முதலில் முந்தைய பதிலில் சொன்ன அறை நீளத்தைப் பாருங்கள். அடுத்து குழலின் மேல்பரப்பு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அலையலையாக, பட்டுப் புடவைச் சரிகை மாதிரி கோலம் தெரிகிறதா? அது இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். அந்தக் குழல்களைக் கரி மருந்து என்ற பழைய வெடிமருந்தின் காலத்துக்கென்றுதான் செய்தார்கள். இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவின் அழுத்தத்துக்கு அவை உத்தரவாதமில்லை. நூறு வருடத்துத் துரு உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்பதும் வெளியே தெரியாது.

உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டி அவர் சரி என்று சொல்லும்வரை அது ஒரு நினைவுப் பொருள் மட்டுமே. சுடாத துப்பாக்கிக்குத் தோட்டாவும் வாங்கி வைக்க வேண்டாம்.

பீரோவுல துப்பாக்கியோட சேத்துத்தான் வச்சிருக்கேன். பூட்டுதான் இருக்கே, போதாதா?

போதாது. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில், இரண்டு சாவியும் வேறு வேறு இடத்தில். பீரோவைத் திறக்கும் ஒரே சாவியில் இரண்டும் கிடைத்தால், நகை எடுக்கத் திறக்கும் மருமகளும் பள்ளிச் சான்றிதழ் தேடும் பையனும் அந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறார்கள். திருடனுக்கும் வேலை மிச்சம். கோபத்தில் எழுந்து போகிற ஒருவருக்கு இரண்டாவது பூட்டு கொடுக்கும் அந்த இரண்டு நிமிடம் ஒரு உயிரைக் காப்பாற்றும். நான் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரோடும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

தோட்டாவுக்கு ஒரு சிறிய இரும்புப் பெட்டி போதும். சுவரில் அல்லது அலமாரிக்குள் போல்ட் போட்டுப் பொருத்துங்கள், இல்லாவிட்டால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடுப்படிச் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு நேர் கீழே, இன்வெர்ட்டர் பக்கம், காரின் டேஷ்போர்டு, இவை எதுவும் வேண்டாம். தீபாவளிக்கு மிஞ்சிய பட்டாசையோ பூச்சி மருந்தையோ அதே அலமாரியில் வைக்கக் கூடாது. துப்பாக்கியில் தோட்டா போட்டபடி வைப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

எங்க வீடு தேவனாம்பட்டினம் பக்கம். உப்புக் காத்துல பித்தளை பச்சை பூத்துடுது. எண்ணெய் தடவி வைக்கலாமா?

எண்ணெய் தடவாதீர்கள். துப்பாக்கிக்கு எண்ணெய் மருந்து, தோட்டாவுக்கு அது விஷம். அடியில் நடுவில் இருக்கும், அடி பட்டதும் தீப்பற்றும் சின்ன வட்டமான கேப்பைச் சுற்றி மெல்லக் கசிந்து உள்ளே போனால் தோட்டா செத்துவிடும், அல்லது அரைகுறையாக வெடிக்கும். துருவை இளக்கும் ஸ்ப்ரே இன்னும் மோசம். துப்பாக்கியைத் துடைத்துவிட்டு அதே கையோடு தோட்டாவைத் தொடவும் வேண்டாம்.

ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத மூடியுள்ள டப்பாவில், கடையில் வந்த அட்டைப் பெட்டியோடு வையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒருமுறை புதிதாக மாற்றுங்கள். டப்பாவை மழை நாளில் திறக்காதீர்கள், ஈரக் காற்றை உள்ளே அடைத்து மூடியதுதான் மிச்சமாகும். தோல் பெல்ட்டில் செருகி மாட்டி வைப்பது பார்க்க அழகு. ஆனால் தோல் பதனிடும் பொருள் பித்தளையை அரிக்கும். பச்சை பூப்பது பாதி அதனால்தான். பெல்ட் வெளியே போகும்போது மட்டும்.

லேசான மங்கல் இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பச்சை தடித்து, துடைத்த பின் பித்தளையில் குழி தெரிந்தால் அந்தத் தோட்டாவை ஒதுக்கிவிடுங்கள்.

தோட்டாவுக்கு எக்ஸ்பயரி தேதி உண்டா?

மருந்து மாத்திரைக்குப் போல நாள் குறித்து முடிந்துபோவதில்லை. குளிர்ச்சியாக, உலர்வாக வைத்த பிளாஸ்டிக் கூட்டுத் தோட்டா பல பத்தாண்டுகள் நன்றாகவே இருக்கும். நம் கடற்கரை வெயிலும் ஈரமும்தான் எதிரி. பழைய காகிதக் கூட்டுத் தோட்டா ஈரம் குடித்து ஊதிவிடும், அறைக்குள் நுழையவே மறுக்கும். அதைத் தள்ளித் திணிக்கக் கூடாது.

பெட்டியின் மேல் வாங்கிய மாதத்தையும் வருடத்தையும் பேனாவால் எழுதுங்கள், பழையதை முதலில் பயன்படுத்துங்கள். அடிப்பித்தளையில் கே.எஃப். என்று இருந்தால் புணேயை அடுத்த கட்கித் தொழிற்சாலையின் சரக்கு. 2021 அக்டோபரில் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளை நடத்திய ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி போர்டு கலைந்து, அந்தத் தொழிற்சாலை இப்போது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வருகிறது. பழைய பெயருள்ள பெட்டியைப் பார்த்துப் போலி என்று நினைக்க வேண்டாம். பெட்டி பழசு, அவ்வளவுதான்.

ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துல பெட்டியே மூழ்கிடுச்சு. காய வச்சுட்டேன். இனிமே சுடலாமா?

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த அந்தப் புயலுக்குப் பிறகு இந்தக் கேள்வி எனக்கு நிறைய வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை, அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை கரை புரண்டு கடலூர்ப் பக்கத்து ஊர்கள் மூழ்கின. 2011 தானே புயலின்போதும் 2015 வெள்ளத்தின்போதும் இதே கதைதான்.

பதில்: சுடாதீர்கள். வெளியே காய்ந்தது தெரியும், உள்ளே மருந்து காய்ந்ததா என்பது தெரியாது. முழுக்கச் செத்த தோட்டாவால் பயமில்லை; பாதி செத்ததுதான் பயம். ரவை குழல் பாதியில் நின்றுவிட்டால், அடுத்த தோட்டா குழலை வெடிக்க வைக்கும். அடுப்புப் பக்கமோ மொட்டை மாடி வெயிலிலோ காய வைக்கவும் கூடாது. நனைந்த எண்ணிக்கையை எழுதி, படம் எடுத்து, காவல் நிலையத்தில் மனு கொடுத்து ஒப்படையுங்கள். தாழ்வான பகுதியில் வீடு இருப்பவர்கள் தோட்டாப் பெட்டியைத் தரைத்தளத்தில் வைக்கவே வேண்டாம்.

சரி, பழசு, நனைஞ்சது, பரண்ல கிடைச்சது இதையெல்லாம் கிணத்துல போட்டுட்டா என்ன?

கிணறு வற்றும், தூர் வாருவார்கள், தோட்டா மேலே வரும். கடலில் போட்டால் வலையில் வரும். குப்பையில் போட்டால் துப்புரவுப் பணியாளர் குப்பை எரிக்கும்போது வெடிக்கும். புதைத்தால் ஜே.சி.பி. தோண்டி எடுக்கும். உங்கள் உரிமத்தில் ஏறிய தோட்டா எங்கே போனது என்ற கேள்விக்கும் அப்போது பதில் இருக்காது.

உங்கள் எல்லைக் காவல் நிலையத்தில், அல்லது விற்பனையாளர் ஏற்றுக்கொண்டால் அவரிடம் ஒப்படைத்து, எண்ணிக்கையோடு ஒப்புகை வாங்குங்கள். தாத்தா பரணில் உங்கள் உரிமத்தில் இல்லாத போர் கிடைத்தால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, நிலையத்துக்கு எழுத்து மூலம் தகவல் சொல்லுங்கள், அவர்கள் வந்து எடுக்கட்டும். தானாக முன்வந்து சொன்னவர் என்பதற்கு அந்த மனுதான் சான்று. அதில் முத்திரை போட்டு ஒரு நகல் வாங்க மறக்காதீர்கள்.

விசையை அழுத்தினேன், ‘டக்’குனு சத்தம் மட்டும் வந்துச்சு, வெடிக்கலை. உடனே திறந்து பாக்கலாமா?

உடனே திறக்காதீர்கள். சில நேரம் கேப் தீப்பிடித்து, மருந்து தாமதமாகப் பற்றும். குழலை ஆளில்லாத திசையிலேயே வைத்துக்கொண்டு முப்பது விநாடியாவது காத்திருங்கள். பழைய தோட்டாவானால் ஒரு நிமிடம். அப்புறம் முகத்தைப் பக்கவாட்டில் ஒதுக்கித் திறந்து எடுங்கள். அதே தோட்டாவை மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள்.

இதைவிட மோசம், வழக்கமான ஓசை வராமல் ‘புஸ்’ என்று வருவது. அப்போது நிறுத்திவிட வேண்டும். இரண்டு அறையையும் காலி செய்து, துப்பாக்கியைத் திறந்து, பின்பக்கமிருந்து குழல் வழியே வானத்தைப் பாருங்கள். முழு வட்டமாக வெளிச்சம் தெரியாமல் அடுத்த தோட்டா போடக் கூடாது.

காலிக் கூட்டைத் தூக்கிப் போட்டுடலாமா? நானே மருந்து அடைச்சுக்கலாம்னு ஒருத்தர் சொல்றாரு.

சுட்ட கூட்டைச் சேர்த்து வையுங்கள். வாங்கியது எத்தனை, சுட்டது எத்தனை, மிச்சம் எத்தனை என்று யாராவது கேட்டால் கையில் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். சில இடங்களில் புதுத் தோட்டா கேட்டுப் போகும்போதே காலிக் கூட்டைக் கேட்கிறார்கள்.

வீட்டில் மருந்து அடைப்பது என்பது சட்டத்தின் கண்ணில் தோட்டா தயாரிப்பு. அதற்குத் தனி உரிமம் வேண்டும், உங்கள் உரிமம் அதற்குப் போதாது. கூடு, கேப் போன்ற பாகங்களும் சட்டத்தில் தோட்டா என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கும். உயிருக்கும் ஆபத்து. அந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

பக்கத்துத் தோப்புக்காரர் பத்து தோட்டா கடன் கேட்கிறார். அவருக்கும் லைசென்ஸ் இருக்கு. கொடுக்கலாம்தானே?

அண்ணன் தம்பியாகவே இருந்தாலும் கொடுக்கக் கூடாது. உரிமமுள்ள இன்னொருவருக்கு உங்கள் தோட்டாவை மாற்றித் தருவதென்றால்கூட, மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ முன்கூட்டி எழுத்தில் தெரிவித்து 45 நாள் ஆன பிறகே தரலாம் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு. அவருக்குத் தேவையென்றால் அவர் உரிமத்தில் அவர் வாங்கட்டும். உங்கள் பெட்டியிலிருந்து போன தோட்டா வேறெங்கோ வெடித்தால் விசாரணை முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

மணிலாக் கொல்லையில காட்டுப் பன்றி, மயில் தொல்லை தாங்கல. என் நிலம், என் துப்பாக்கி, ஏன் சுடக் கூடாது?

இந்த வேதனை நியாயமானது. விருத்தாசலம் பக்கம் ஒரே இரவில் கால் காணி மணிலாவைப் பன்றி உழுதுபோட்ட நிலத்தைப் பார்த்தவர்கள் யாரும் விவசாயியைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ஆயுத உரிமம் என்பது வேட்டை உரிமம் இல்லை. வனவிலங்கைக் கொல்வதை முடிவு செய்வது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம். பயிர்ப் பாதுகாப்புக்கென்று தனி வகை ஆயுத உரிமம் உண்டு. அதை வைத்திருப்பவரும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான். மயில் முதல் அட்டவணையில் உள்ள தேசியப் பறவை. மயிலைச் சுட்டால் சிறைதான்.

பன்றிக்குத் தமிழக அரசு 2025-இல் ஒரு வழி செய்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் எதுவும் செய்யக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடிக்கலாம். அதற்கும் அப்பால் வனத்துறைப் பணியாளர்கள் சுடலாம். சுடுவது அவர்கள், நாம் இல்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்து வனச்சரகரிடம் மனு கொடுங்கள், பயிர்ச்சேத இழப்பீட்டுக்கும் அதோடு சேர்த்தே எழுதுங்கள். புதுச்சேரி நிலமென்றால் அங்குள்ள வனத்துறையைத்தான் அணுக வேண்டும். உயிருக்கு ஆபத்து வந்து நல்லெண்ணத்தோடு தற்காப்புக்குச் செய்தது குற்றமாகாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் கொல்லையைக் காப்பது அதில் சேராது.

இன்னொன்று. நம் நிலம் சமதளம், பின்னால் குண்டைத் தாங்க மேடு கிடையாது. பாயிண்ட் 22 குண்டுகூட ஒன்றரை கிலோமீட்டர் வரை போகும். ஏரித் தண்ணீரில் பட்டால் எகிறித் திசை மாறும். இரவில் சத்தம் வந்த பக்கம் சுட்டவர்கள் பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்ட கதைகள் தமிழ்நாட்டில் அடிக்கடி செய்தியாகின்றன.

திருவிழாவுல வானத்தைப் பாத்து ரெண்டு வெடி போடறது எங்க குடும்ப வழக்கம். காலித் தோப்புலதானே, தப்பா?

தப்பு. ஆயுதச் சட்டத்துக்கு 2019-இல் வந்த திருத்தச் சட்டம் இதைத் தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டது. கொண்டாட்டத்துக்காகக் கவனமின்றிச் சுட்டு, மற்றவர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போனது கீழே வரத்தான் செய்யும். ரைபிள், ரிவால்வர் குண்டு இறங்கி வரும்போதும் தலையில் பட்டால் ஆளைக் கொல்லும். கோயிலுக்கு மரியாதை செய்ய மேளம் இருக்கிறது.

கடலூர்லேருந்து புதுச்சேரி அரை மணி நேரம்தானே. துப்பாக்கியும் தோட்டாவும் கார்ல எடுத்துட்டுப் போகலாமா?

உங்கள் உரிமத்தில் செல்லுபடியாகும் பகுதி என்ற இடத்தைப் பாருங்கள். தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்குள் அது செல்லாது. ஆல்பேட்டை தாண்டினால் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது ஊர்க்காரர்களுக்கே குழப்பம். ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, சற்றுத் தள்ளி கிருமாம்பாக்கம் புதுச்சேரி. சென்னைக்குத் தோட்டா வாங்கக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களும் இந்த எல்லையைக் கடந்துதான் ஆக வேண்டும். அவர்கள் பண்ருட்டி, விழுப்புரம் வழியாகப் போய் வருவது நிம்மதி. புதுச்சேரி உரிமதாரர்களுக்கும் இதே கணக்குத் தலைகீழாகப் பொருந்தும்.

போகும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, இரண்டும் தனித்தனிப் பூட்டிய பெட்டியில், அசல் உரிமம் உங்கள் பையில். சாப்பிட இறங்கும்போது வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

எலெக்‌ஷன் வந்தா துப்பாக்கியை ஸ்டேஷன்ல வைக்கச் சொல்றாங்க. தோட்டாவையும் கொடுக்கணுமா?

ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் இரண்டையும்தான். எல்லோரும் ஒப்படைக்க வேண்டுமென்பதில்லை. யார் ஒப்படைக்க வேண்டும் என்று மாவட்டத்தில் ஒரு குழு பரிசீலிக்கும். வங்கிக் காவலர்கள், போட்டிகளில் சுடும் வீரர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு. உங்கள் தொழிலுக்கு அவசியம் என்றால் நோட்டீஸ் வந்ததும் காரணத்தோடு மனு கொடுங்கள்.

ஒப்புகைச் சீட்டில் துப்பாக்கி எண் மட்டும் எழுதித் தருவது உண்டு. தோட்டா எண்ணிக்கை, வகை, பெட்டியின் நிலை மூன்றையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். முடிவு வந்து ஒரு வாரம் கழித்துத் திரும்ப வாங்கும்போது அங்கேயே எண்ணிப் பாருங்கள்.

அப்பா தவறிட்டார். துப்பாக்கியும் தோட்டாவும் வீட்டுலதான் இருக்கு. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும்னு இருக்கேன்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். உரிமம் அவர் பெயரில் இருந்தது. இப்போது வீட்டில் யாரிடமும் அதை வைத்திருக்க உரிமை இல்லை. ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. உரிமம் காலாவதியானவர்களுக்கும் இதே பிரிவுதான். ஒரு உறவினரை அனுப்பி நிலையத்துக்குச் சொல்லிவிட்டால் பாதிக் கவலை தீரும். பிறகு வாரிசு என்ற முறையில் நீங்கள் உங்கள் பெயருக்கு விண்ணப்பிக்கலாம்.

இதைப் படிக்கும் பெரியவர்களுக்கு ஒன்று: 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது. பிள்ளைகளை அலைய விடாதீர்கள்.

தோப்புக்கு எடுத்துட்டுப் போன பையையே ஏர்போர்ட்டுக்கும் எடுத்துட்டுப் போய், ஒரு தோட்டா சிக்கிடுச்சு. ஒண்ணே ஒண்ணுதான்!

ஒன்று என்பதால் வழக்கு வராமல் போகாது. கைப்பையில் தோட்டா எடுத்துப் போவது உரிமம் உள்ளவருக்கும் தடை. உரிமத்தைக் காட்டுங்கள், எப்படி வந்தது என்பதை உள்ளபடி சொல்லுங்கள், வழக்கறிஞர் ஒருவரை உடனே அழையுங்கள். தெரிந்தே வைத்திருந்தாரா என்பதுதான் இதில் முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 1972-இலும் 1994-இலும் சொல்லியிருக்கிறது, அதைக் கொண்டு பலர் விடுபட்டிருக்கிறார்கள். ஆனால் அதற்குள் விமானமும் போய்விடும், வருடங்களும் போய்விடும். தோட்டாவுக்கென்று ஒரு பை வைத்து, அதை வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

வீட்டுல ஒருத்தருக்கு மனசு சரியில்லை. குடியும் இருக்கு. பூட்டித்தான் வச்சிருக்கேன், இருந்தாலும் பயமா இருக்கு.

அந்தப் பயத்தை நம்புங்கள். மேலே சொன்ன இரண்டு பூட்டுகூட இந்த வீட்டுக்குப் போதாது. சாவி எங்கே என்று வீட்டிலிருப்பவருக்குத் தெரிந்திருக்கும். இன்றைக்கே தோட்டாவையும் துப்பாக்கியையும் விற்பனையாளரிடம் பாதுகாப்புக்கு ஒப்படைத்துவிடுங்கள், அல்லது நிலையத்தில் கேளுங்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை, வெளியூர் போகிறேன் என்றாலே போதும். இரண்டையும் உடனே வெளியேற்ற முடியாவிட்டால் தோட்டாவையாவது முதலில் அனுப்புங்கள். அவருக்காக 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். பூச்சி மருந்தையும் சேர்த்து அப்புறப்படுத்துங்கள்.

கணக்குப்படி 22 இருக்கணும். பெட்டியில 19 தான் இருக்கு. வெளியே சொன்னா பிரச்சினை ஆகுமோ?

சொல்லாவிட்டால்தான் பிரச்சினை பெரிதாகும். முதலில் அமைதியாகத் தேடுங்கள்: வேட்டி மடிப்பு, பழைய பெல்ட், காரின் பின் இருக்கை, தோப்புக் கொட்டகை. காலிக் கூட்டை எண்ணி, கடைசியாகச் சுட்ட தேதியோடு ஒப்பிடுங்கள். பல நேரம் சுட்டதை எழுத மறந்திருப்பார்கள். அப்படியென்றால் கூடு மூன்று அதிகமாக இருக்கும்.

அன்றைய தினத்துக்குள் கிடைக்கவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள், நகலை உரிமம் வழங்கிய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பூட்டை மாற்றுங்கள். அப்புறம் ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டு வாங்கி, தேதி, வாங்கியது, சுட்டது, ஒப்படைத்தது, மிச்சம் என்று ஐந்து பத்தி போட்டு, அதைத் தோட்டாப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணி எழுதுங்கள். எதுவும் எடுக்காவிட்டாலும் எழுதுங்கள்.